பக்கத்து இருக்கையின் பிரேக்

என் அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அதிலும் நாற்பதைத் தாண்டியவர்கள், ஸ்டியரிங்கைத் தொட்டாலே உள்ளங்கை வேர்ப்பவர்கள், மற்ற பயிற்சியாளர்கள் "இவங்க தேற மாட்டாங்க" என்று கைகழுவியவர்கள் எல்லோரும் கடைசியில் அவளிடம்தான் வந்து சேர்வார்கள். பயிற்சிப் பள்ளி முதலாளி அந்தப் பிரிவுக்கே 'அண்ணி வார்டு' என்று பெயர் வைத்திருந்தார். அவள் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

வலைப்பூ தொடங்கச் சொன்னது நான். சாப்பிட உட்கார்ந்தால் போன், துணி மடித்தால் போன். "டீச்சர், மேட்டுல வண்டி பின்னால போகுது, என்ன பண்றது?" இதே கேள்விக்கு இதே பதிலை ஒரு வாரத்தில் அவள் ஒன்பது பேருக்குச் சொன்னதை நான் எண்ணியிருக்கிறேன். ஒரு தடவை எழுதிப் போட்டுவிட்டு அந்தச் சுட்டியை அனுப்பினால் போதாதா என்று கேட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மறுநாளே இஸ்திரி மேசையில் பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு, "சரி, சொல்லிக்கொடு" என்று உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு என்ன தகுதி என்றால், நானும் ஒரு காலத்தில் வலைப்பூ வைத்திருந்தேன். மீன் தொட்டி பராமரிப்பு பற்றி மொத்தம் பதினோரு பதிவுகள். வலைப்பூவும் மீன்களும் ஒரே மாதத்தில் போய்ச் சேர்ந்தன. ஆனால் எப்படி நடத்த வேண்டும் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

முதல் பதிவுக்கு அவள் வைத்த தலைப்பு 'பயணத்தின் முதல் துளிர்'. உள்ளே கிளட்ச் பற்றி அருமையாக எழுதியிருந்தாள், ஆனால் ஒரு மாதம் வலைப்பூ காற்று வாங்கியது. ஜனங்கள் எந்த வார்த்தையில் உங்களிடம் கேட்கிறார்களோ அதையே தலைப்பாக வையுங்கள் என்றேன். முகம் சுளித்தாள், ஆனாலும் மாற்றினாள். 'மேட்டில் வண்டி பின்னால் உருண்டால் என்ன செய்வது' என்ற பதிவுக்கு முதல் வாரமே நாற்பது பேர் வந்தார்கள். அதில் ஏழு பேர்தான் எங்கள் சொந்தக்காரர்கள்.

அப்புறம் அவள் என்னை மிஞ்சிவிட்டாள். பள்ளிக்கு விடுமுறை செவ்வாய்க்கிழமை, அதனால் செவ்வாய் காலை ஒரு பதிவு. அதற்கு மேல் ஆசைப்படவில்லை, அதற்குக் கீழே விடவும் இல்லை. காய்ச்சல் வந்தால் கைகொடுக்க எப்போதும் மூன்று பதிவுகளை எழுதி முன்கூட்டியே வைத்திருந்தாள். படங்களைச் சிறிதாக்கித்தான் ஏற்றுவாள், இல்லாவிட்டால் பழைய போன் வைத்திருப்பவர்களுக்குப் பக்கம் திறக்காது என்பாள். மற்றவர்களின் வண்டி எண் தெரிந்தால் மறைத்துவிடுவாள். மாதக் கடைசியில் வலைப்பூ முழுவதையும் நகல் எடுத்து ஒரு பென்டிரைவில் போட்டு, தையல் ஊசி டப்பாவில் வைப்பாள். எத்தனை பேர் படித்தார்கள் என்ற எண்ணிக்கையை வாரம் ஒருமுறைதான் பார்ப்பாள். நான் தினமும் பார்த்தேன், எனக்கு அதில் ஒரு சம்பந்தமும் இல்லாவிட்டாலும்.

பின்னூட்டம் எதுவானாலும் அவள் பார்த்து அனுமதித்த பிறகுதான் வெளியே வரும். இரண்டு நாளுக்குள் பதிலும் வந்துவிடும். 'பெண்கள் ஓட்டினால் போதாதா, கற்றுக்கொடுக்க வேறு வேண்டுமா' என்று எழுதிய ஒருவருக்கு, புதன்கிழமை காலை ஏழு மணிக்கு இடம் காலியாக இருக்கிறது, வந்து ஓட்டிக் காட்டுங்கள் என்று பதில் எழுதினாள். அவர் இன்றுவரை வரவில்லை.

எல்லாவற்றிலும் அவள் பெருமைப்பட்ட விதி ஒன்று உண்டு. எழுதியதில் தப்பு இருந்தால் சத்தமில்லாமல் அழிக்க மாட்டாள். கீழே தேதி போட்டு, இப்படி எழுதியிருந்தேன், அது தவறு, சரியானது இது என்று சேர்ப்பாள். பதிவின் முகவரியையும் மாற்ற மாட்டாள், ஏனென்றால் எங்கோ யாரோ அதைக் குறித்து வைத்திருப்பார்கள். இரண்டு வருடம் இப்படி ஓடியது. ஐந்நூறு பேர் தவறாமல் படித்தார்கள். எனக்கே கொஞ்சம் பொறாமை.

அந்தச் சமயத்தில்தான் மருந்துக்கடைக்காரர் அவளிடம் வந்தார். ஐம்பத்திரண்டு வயது, மெல்லிய குரல், மாத்திரையை எண்ணும்போது மூச்சைக்கூட அளந்து விடுகிற ஆள். இருபத்தைந்து வருடமாக அவர் வீட்டுக் காரை ஓட்டியது அவர் மனைவி. இவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். இப்போது அந்த அம்மாவுக்குக் கண்பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண் மருத்துவமனைக்கு வாரம் ஒருமுறை போக வேண்டும், இரண்டு பஸ் மாற வேண்டும், அந்த அம்மாவுக்கோ பஸ் படிக்கட்டு தெரிவதில்லை. ஆகவே இவர் ஓட்டியாக வேண்டும்.

இவர் ஆறு தடவை டெஸ்டில் தோற்றார். கம்பங்களுக்கு நடுவே பின்னால் எடுத்து நிறுத்துவதுதான் அவருக்கு எமன். அண்ணியோடு போகும்போது ஒரு கம்பத்தையும் தொட மாட்டார். டெஸ்டுக்கு மட்டும் ஆர்.டி.ஓ. அலுவலக வண்டி, பக்கத்தில் அதிகாரி, அண்ணி மைதானத்தின் ஓரத்தில் நிற்க வேண்டும். அங்கே டக்கென்று இடிப்பார். இடித்துவிட்டு இறங்குவார், விழுந்த பிளாஸ்டிக் கம்பத்தை நிமிர்த்தி வைப்பார், அதனிடம் "ஸாரி" என்பார். ஆறு தடவையும் சொன்னார்.

அண்ணி அதைப் பதிவாக எழுதினாள். கேலியாக இல்லை, அன்பாகத்தான் எழுதினாள். எங்களுக்குப் படித்துக் காட்டியபோது அண்ணன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். பெயர் போடவில்லை, ஊரும் போடவில்லை. ஆனால் மாத்திரை எண்ணும் விரல்கள் ஸ்டியரிங்கில் நடுங்குவதை எழுதியிருந்தாள், அந்த ஸாரியை எழுதியிருந்தாள். பெயரை மறைத்தால் ஆளை மறைத்துவிட்டதாக நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

செவ்வாய் காலை போட்டது, வெள்ளிக்கிழமைக்குள் பதினெட்டாயிரம் பேர் படித்துவிட்டார்கள். முந்நூறு பின்னூட்டங்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை மருந்துக்கடைக்காரர் வகுப்புக்கு வரவில்லை, ஞாயிறும் வரவில்லை. கடையில் கூட்டமாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

திங்கட்கிழமை அவர் மனைவி போன் செய்தார். கோபப்படவே இல்லை. கடைக்கு வருபவர்கள் கல்லாப் பக்கத்துத் தூணைத் தொட்டு "ஸாரி" சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்களாம். அவர் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை, கடையில் வேலை செய்யும் பெண் சொல்லித்தான் தெரிந்ததாம். பழகுநர் லைசென்ஸ் இந்த மாதத்தோடு முடிகிறது, அதற்குள் இன்னும் ஒரு டெஸ்டுக்குத்தான் நாள் இருக்கிறது.

"இனிமே கார் பேச்சை எடுக்காதேங்கறார், டீச்சர். நான் கண்ணு போனதுக்குக்கூட இவ்ளோ பயப்படல" என்றார் அந்த அம்மா.

அண்ணி போனை வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். என்ன செய்யப் போகிறாள் என்று தெரிந்ததும் நான் குறுக்கே விழுந்தேன். வெட்கத்தைவிட்டு ஒத்துக்கொள்கிறேன், எனக்கு அந்தப் பதினெட்டாயிரம்தான் கண்ணில் நின்றது. மருந்துக்கடைக்காரரைத் தையல்காரராக மாற்றிவிடலாம், கீழே தேதி போட்டு மன்னிப்பு எழுதலாம், அழிக்க மாட்டேன் என்பது உங்கள் விதிதானே என்று வாதாடினேன்.

"அந்த விதி என் தப்புக்கு நான் போட்டது. இது அவரோட மானம். இதுல எனக்கு என்ன விதி?" என்றாள்.

முதலில் பதிவையும் பின்னூட்டங்களையும் நகல் எடுத்து வைத்தாள், அது பழக்கதோஷம். பிறகு அவரைப் பற்றிய எல்லாவற்றையும் எடுத்தாள். முகவரியை மட்டும் அப்படியே விட்டு, அங்கே நான்கு வரி எழுதினாள். இங்கே ஒருவரைப் பற்றி அவரிடம் கேட்காமல் எழுதியிருந்தேன், அது என் குற்றம், எடுத்துவிட்டேன், பிரதி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பகிர வேண்டாம். தேதி. அவ்வளவுதான்.

மறுநாள் செவ்வாய். புதிய பதிவு போடவில்லை, இரண்டு வருடத்தில் முதல் முறையாக. முந்நூறு பின்னூட்டங்களையும் அவள் படித்து அனுமதித்திருக்கவும் இல்லை, பதில் எழுதியிருக்கவும் இல்லை, அத்தனை வேகத்தில் வந்திருந்தன. சிரித்தவர்கள் யார் யார் என்றாவது தெரிந்துகொள்கிறேன் என்று நகலைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். என்னைத் தண்டிக்கவோ தன்னைத் தண்டிக்கவோ தெரியவில்லை, சத்தமாகவே படித்தாள். சிரிப்பு, சிரிப்பு, கைதட்டல், 'எங்கள் மாமாவும் இப்படித்தான்'. இருநூற்றுப் பதினான்காவது, முப்பது வருடம் பஸ் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவர். அவர் சிரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: 'உங்களோடு வரும்போது இடிப்பதே இல்லை என்கிறீர்களே அம்மா, அப்போது உங்கள் கால் எங்கே இருக்கிறது?'

அண்ணி படிப்பதை நிறுத்திவிட்டாள்.

பயிற்சி வண்டியில் அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஆபத்துக்கு மட்டும் என்பது சட்டம். அவளும் ஆபத்துக்கு மட்டும்தான் தொடுவதாக நம்பிக்கொண்டிருந்தாள். புதன்கிழமை காலை, இன்னொரு பயந்த அம்மாவுக்கு வகுப்பு. அந்த அம்மாவிடம் சொல்லி அனுமதி வாங்கி, என்னைப் பின் இருக்கையில் உட்கார வைத்தாள். என் வேலை அவள் காலை மட்டும் பார்ப்பது, பிரேக்கில் பட்டால் நோட்டில் ஒரு கோடு போடுவது. ஒரு மணி நேரத்தில் இருபத்துமூன்று கோடு. அழுத்தமாக இல்லை, பூனை நடப்பது போல மெல்ல. ஓட்டியவருக்கும் தெரியவில்லை, சத்தியமாக அவளுக்கும் தெரியவில்லை. நோட்டைக் காட்டியபோது நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை, அவள் ஒவ்வொரு கோட்டிலும் விரல் வைத்து மறுபடி எண்ணினாள்.

"பயப்படறவங்கன்னா என் கால் தானா போகுது. ஆறு தடவையும் அந்த மனுஷனைப் பாதி பிரேக்கோட அனுப்பியிருக்கேன்" என்றாள்.

வியாழக்கிழமை கடைக்குப் போனாள், என்னையும் இழுத்துக்கொண்டு. மருந்து வாங்க நின்றவர்களின் வரிசையிலேயே நின்றாள். எங்கள் முறை வந்தபோது அவர் நிமிர்ந்து பார்த்தார், மறுபடி குனிந்துகொண்டார். அவர் கையில் எண்ணிக்கை தப்பியது போல, மாத்திரைகளைத் தட்டில் கொட்டி மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அண்ணி மன்னிப்புக் கேட்டாள், சுற்றி வளைக்காமல்.

"நீங்க எழுதினதுல பொய் ஒண்ணும் இல்ல, டீச்சர். அதான் வலிச்சுது" என்றார் அவர்.

அப்போதுதான் அவள் நோட்டை மேசைமேல் வைத்து, கோடுகளைக் காட்டி, விஷயத்தைச் சொன்னாள். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப நான் உங்ககூட நல்லா ஓட்டினேனே, அது?"

"அதுல பாதி நான் சார்."

"மீதி?"

"மீதி நீங்கதான். அந்தப் பாதியை நான் இன்னும் பார்க்கவே இல்ல. பார்க்க விடுங்க."

பின்னால் நின்றவர் இருமல் மருந்து கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு, அவரும் போனபிறகு, நாளைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர். அவர் கேட்டது அண்ணியிடம், ஆனால் பார்த்தது அந்த நோட்டை.

பத்து நாள். காலி மைதானத்தில், அண்ணி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முன் இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வகுப்பு எடுத்தாள். முதல் நாள் பதினோரு கம்பங்கள் விழுந்தன. அண்ணிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவது பெரும்பாடாக இருந்தது. மூன்றாம் நாள் அவர், வண்டி இவ்வளவு வேகமாகவா பின்னால் போகும் என்று ஆச்சரியமாகக் கேட்டாராம். அதுவரை அவருக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. ஐந்தாம் நாள் ஒன்றுதான் விழுந்தது. எட்டாம் நாளிலிருந்து ஒன்றும் விழவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமையே, அதே முகவரியில், அந்த நான்கு வரிக்குக் கீழே அவள் புதிய பதிவு எழுதியிருந்தாள். தலைப்பு, 'கற்றுக்கொடுப்பவரின் கால் எங்கே இருக்க வேண்டும்'. அதில் வேறு யாரும் இல்லை, அவள்தான், அவள் கால்தான், இருபத்துமூன்று கோடுதான். அந்தப் பஸ் பயிற்சியாளரின் கேள்வியைச் சேர்க்கும்முன் அவருக்கு எழுதிக் கேட்டாள். அறுநூறு பேர்தான் படித்தார்கள். ஆனால் வேறு வேறு ஊர்களிலிருந்து நான்கு பயிற்சியாளர்கள் தங்கள் கோடுகளை எண்ணி அனுப்பினார்கள். ஒருவருக்கு நாற்பத்தொன்று. எனக்கு அந்த அறுநூறு, பதினெட்டாயிரத்தைவிட நிறைவாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் உண்மை.

டெஸ்ட் நடந்தது ஒரு திங்கட்கிழமை. அண்ணிக்கு அதே நேரம் வேறு வகுப்பு, போக முடியவில்லை. போன் வரவில்லை. தோற்றுவிட்டார், சொல்லக் கூசுகிறார் என்று நினைத்து அன்று முழுவதும் அண்ணி சரியாகச் சாப்பிடவில்லை. செவ்வாய் காலை வலைப்பூவைத் திறந்தபோது அந்தப் பதிவில் ஒரு பின்னூட்டம் அனுமதிக்காகக் காத்திருந்தது, முழுப் பெயரோடும் கடைப் பெயரோடும். படித்துவிட்டு, அனுமதிக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் விரலை வைத்தவள், எடுத்துவிட்டுப் போனை எடுத்தாள். இதை எல்லோரும் பார்ப்பார்கள் சார், பெயரை எடுத்துவிட்டுப் போடட்டுமா என்று கேட்டாள்.

"பேரோடயே போடுங்க, டீச்சர்" என்றார்.

போட்டாள். நான்கே வரி:

'நேற்று தேறினேன். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து வீடு வரை எங்கள் காரை நானே ஓட்டினேன். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து முதல் இரண்டு சிக்னல் வரை கதவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்புறம் தூங்கிவிட்டாள்.'