அபிதகுஜாம்பாளின் பில்

அனந்தகிருஷ்ணனிடம் ஆஸ்பத்திரி பில்லை நீட்டினால் அவர் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் பார்ப்பார். வரி எவ்வளவு, எதன்மேல் போட்டிருக்கிறார்கள், எந்தச் சட்டப்படி போட்டிருக்கிறார்கள். நோயாளி எப்படி இருக்கிறார் என்கிற விசாரிப்பெல்லாம் அதற்கப்புறம்தான். கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். முப்பத்து மூன்று வருஷம் விற்பனை வரி அலுவலகத்தில் இருந்த மனுஷருக்குக் கண் அங்கேதானே போகும்!

தாம்பரம் அலுவலகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், அவரை நிறுத்த முடியாது. தேங்காய்க்கு ஒரு விகிதம், கொப்பரைக்கு ஒரு விகிதம் என்று நூற்றுக்கணக்கில் மனப்பாடம். மார்க்கெட் வியாபாரிகள் மஞ்சள் பையில் கணக்கு நோட்டைச் சுமந்துகொண்டு வருவார்கள். எண்ணெய்க்கடை அஞ்சம்மாள் நோட்டே கொண்டுவர மாட்டாள். எதிரே உட்கார்ந்து மாத வியாபாரத்தை வாயாலேயே ஒப்பிப்பாள். வீட்டுக்குப் போய் எழுதிக்கொண்டு வந்து காட்டினால் ஒரு பைசா பிசகாது. அவளோடு வாதாடி ஜெயிப்பதற்குள் இவருக்கு நாக்கு வறண்டுவிடும். இரண்டாயிரத்துப் பதினேழில் ஜி.எஸ்.டி. வந்தது. மாநிலத்துக்கென்று இருந்த அந்தப் பட்டியலை ஒரே ராத்திரியில் மூட்டை கட்டினார்கள். அடுத்த வருஷம் இவரும் ஓய்வு பெற்றார்.

அப்போதெல்லாம் மின்சார ரயிலில் பல்லாவரம் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து கீழ்க்கட்டளை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி அபிதகுஜாம்பாள் கேட்டுவிடுவாள்: "இன்னிக்கு யார் ஜெயிச்சா? நீங்களா, அஞ்சம்மாளா?" துணி மடித்துக்கொண்டே முழுக்கதையையும் கேட்பாள். இவர் தோற்ற நாளில்தான் அதிகம் சிரிப்பாள். அதற்காகவே சில நாள் ஜெயித்துவிட்டுத் தோற்றதாகச் சொல்லியிருக்கிறார், பாவி மனுஷர்.

ஓய்வுக்குப் பிறகு காலனிக்காரர்கள் ஆஸ்பத்திரி பில்லோடு வர ஆரம்பித்தார்கள். எதெதற்கு எவ்வளவு என்று பிரித்துப் பில் கேட்பது நோயாளியின் உரிமை என்பதே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. இவர் கூடவே போய்க் கேட்பார். ஒரு ஊசிக்கு மூன்று ஊசி விலை, ஒரு நாளில் நாற்பது ஜோடிக் கையுறை என்று எதையாவது பிடித்துக்கொண்டு வருவார். வாசலில் அதே கேள்வி காத்திருக்கும். யார் ஜெயிச்சா?

போன ஆடியில் அவளையே சேர்க்க வேண்டி வந்தது. இதயம். ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். ஒன்பதாம் நாள் மதியம் போய்விட்டாள். ஊர் பில்லையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர், மனைவியின் பில்லைப் பார்க்காமலே பணத்தைக் கட்டினார். பதினாலு பக்கம் பிரித்துப் போட்ட அந்த பில் கோப்பைக் கொண்டுவந்து பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தார். பதினோரு மாதமாக அதைத் திறக்கவில்லை. தப்பு ஏதாவது கண்ணில் பட்டால் சண்டை போடத் தோன்றும், ஜெயிக்கவும் ஜெயிப்பார். ஜெயித்துவிட்டு யாரிடம் வந்து சொல்வது?

அப்படியிருக்கும்போதுதான் போன வாரம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஜெரோம் வந்து நின்றான். அவனுடைய அப்பா அந்தோணிசாமிக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. அதே ஆஸ்பத்திரி.

"இன்னா சார் இது, மொத்தமா ஒரே நம்பரு போட்டுக் குடுத்துக்கிறானுங்க. மருந்துன்னு ஒரு லைனு, வரின்னு ஒரு லைனு. இன்னா மருந்துன்னு கேட்டா, அப்டிலாம் பிரிச்சுக் குடுக்கிற பழக்கமே இங்க இல்லன்றாங்க. நாளைக்குள்ள கட்டலன்னா ஆட்டோவை வித்துதான் சார் அப்பாவை இட்டுனு வரணும். ஒரே பேஜாரா கீது."

அனந்தகிருஷ்ணனுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. உள்ளே படுத்திருக்கிற நோயாளிக்குக் கொடுக்கும் மருந்துக்குத் தனி வரியா? அதற்கு ஜி.எஸ்.டி.யே கிடையாதே! பிரித்துக் கொடுக்கிற பழக்கம் இல்லையா? எவ்வளவு நெஞ்சழுத்தம்! பிரித்துக் கொடுத்ததற்கு அத்தாட்சி அவர் வீட்டு பீரோவிலேயே இருக்கிறது.

அதை நினைத்ததும் கோபம் இறங்கிவிட்டது. பீரோ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சார், வோணாம்னா வுட்ருங்க சார்," என்றான் ஜெரோம். அவனுக்கு விஷயம் தெரியும். அவளைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனது அவன் ஆட்டோதான். இவர் புடவைகளை ஒதுக்கிக் கோப்பை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

பில் கவுண்டரில் ஷீலா என்கிற பெண் இருந்தாள். "சிஸ்டத்துலயே அந்த ஆப்ஷன் கிடையாது சார்," என்றாள்.

அனந்தகிருஷ்ணன் கோப்பைத் திறக்காமலே கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். "போன வருஷம் இதே சிஸ்டம் கொடுத்தது. பதினாலு பக்கம். நீயே பாரும்மா."

ஷீலா நாலு பக்கம் புரட்டினாள். பெயரையும் 'காலமானார்' என்ற குறிப்பையும் பார்த்தாள், நிமிர்ந்து இவரைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. உள்ளே போய் மேனேஜரிடம் என்ன சொன்னாளோ, பத்து நிமிஷத்தில் பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. "பிரிச்சு எடுத்துத் தரேன் சார். அந்த வரியை எடுத்துடச் சொல்லிட்டாங்க. உட்காருங்க," என்று கோப்பைத் திருப்பிக் கொடுத்தாள். புரட்டிய இடத்திலேயே திறந்தபடி கொடுத்துவிட்டாள், அறியாப் பெண்!

நாற்காலியில் உட்கார்ந்தவரின் மடியில் அது விரிந்து கிடந்தது. இனி பார்க்காமல் எப்படி இருப்பது? படித்தார். சலைன், ஊசி, ரத்தப் பரிசோதனை. அப்புறம் ஒரு வரி: உடனிருப்பவர் உணவு, இட்லி ஒரு பிளேட், காபி ஒன்று. மறுநாளும் அதே. அதற்கு மறுநாள் பொங்கல், காபி.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சேர்த்த முதல் நாளே கேன்டீன் விலைப்பட்டியலைப் பார்த்து, "ரெண்டு இட்லி எண்பது ரூபாயா! கொள்ளைக்காரப் பசங்க, பச்சைத் தண்ணி தொட மாட்டேன்," என்று கத்தியிருந்தார். அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அன்று சாயங்காலமே தட்டு வந்தது. "இது ரூம் வாடகையிலேயே சேர்த்தியாம். நீங்க சாப்பிடலேன்னா அவாளுக்குத்தான் லாபம்," என்றாள். அப்படியா சேதி என்று ஆத்திரத்தோடு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். ஒன்பது நாளும் சாப்பிட்டார். இவர் குளிக்கப் போகும்போது கட்டிலோரத்து போனை எடுத்து அவளே கேன்டீனுக்குச் சொல்லியிருக்கிறாள். பில் வந்தால் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார் என்று தெரிந்தேதான் சொல்லியிருக்கிறாள்.

விரலை வைத்துக் கடைசி நாளுக்கு வந்தார். காலை ஆறு நாற்பது, காபி ஒன்று. மூச்சுவிடவே திணறிக்கொண்டிருந்த காலை அது. வாய்விட்டு அழுதுவிட்டார். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கையில் கத்தைப் பேப்பரோடு ஜெரோம் ஓடி வந்தான். "சார்! வரியை எடுத்துட்டாங்க, போடாத ஊசி ஒண்ணு, அதையும் கழிச்சுட்டாங்க! ஆட்டோவை விக்க வோணாம் சார்!" அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தான். பக்கத்தில் குந்தினான். "இன்னா சார், அம்மா பில்லுல எதுனா தப்பா போட்டுக்கிறாங்களா? சொல்லுங்க, இப்பவே கேட்டுரலாம்."

அனந்தகிருஷ்ணன் தலையை ஆட்டினார்.

"ஒரு தப்பும் இல்லப்பா. படுத்த படுக்கையா இருந்துண்டு, ஒன்பது நாளும் எனக்குச் சாப்பாடு போட்டிருக்கா."