ஒன்பது மணி அக்கா

கால்பந்துக் கிளப்பின் டிக்கெட் அலுவலகம் போனில் போடும் காத்திருப்பு இசைக்கு அவர் சொந்தமாக வரிகள் கட்டி வைத்திருக்கிறார். பத்திரிகையில் அச்சிட முடியாது. காலை ஒன்பது மணிக்கு போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, சக்கர நாற்காலியில் சாய்ந்து, முணுமுணுப்புக்கு நடுவே டீயை ஸ்ட்ராவில் உறிஞ்சுவார். அந்தக் கிளப்பில் அவருக்கு ‘ஒன்பது மணி அக்கா’ என்றே பெயர்.

பிழைப்பும் போனில்தான். குடிநீர் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்காக வீட்டிலிருந்தபடியே பதினான்கு வருடமாகத் திட்டு வாங்குகிறார். “மேலதிகாரிகிட்ட சொல்றேன்னா, பிஸ்கட் சாப்பிடப் போறேன்னு அர்த்தம். நானும் அப்படித்தான்.”

தசை தளரும் நோய். சக்கர நாற்காலி இடத்துக்கு கிளப் வருடா வருடம் புது மருத்துவச் சான்றிதழ் கேட்கும். “எனக்குக் குணமாயிடும்னு இன்னும் நம்புறது கிளப்காரங்க மட்டும்தான். டாக்டரே விட்டுட்டாரு.”

துணைக்கு வருபவருக்கு டிக்கெட் இலவசம். அந்தத் துணை அக்காவின் கணவர்தான்; பல்செட் செய்பவர். ஆட்டத்தின் விதிகள் எதுவும் தெரியாது. மைதானத்திலும் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். உற்சாகத்தில் கத்தினால் அக்காவின் கழுத்து தாங்காது. தலை மார்பில் கவிழும்; தானாக நிமிராது. நெற்றியில் கைவைத்து கணவர்தான் தூக்கி நிறுத்த வேண்டும்.

இந்த வருடம் துணையாளர்களைப் பன்னிரண்டு வரிசை பின்னால் தள்ளிவிட்டார்கள். முதல் ஆட்டத்திலேயே கோல் விழுந்தது, தலையும் விழுந்தது. பக்கத்தில் நின்ற காவலாளி, தொடுவதற்கு அனுமதி இல்லை என்று மிக மரியாதையாகச் சொன்னார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கணவர் வந்துசேர ஏழு நிமிடம். அதற்குள் இரண்டாவது கோலும் போட்டாயிற்று.

“மூக்குல வடிஞ்சதைக்கூடத் துடைக்க முடியல. நான் அழுதது அதுக்கில்ல. எங்க ஆளுங்க ஒரே ஆட்டத்துல ரெண்டு கோல் போட்டு மூணு வருஷமாச்சு. ரெண்டு கோலுக்கும் நான் என் முழங்காலைத்தான் பாத்தேன்.”

பத்தொன்பது காலைகள் பேசிய பிறகு டிக்கெட் மேலாளரே லைனுக்கு வந்தார். பத்திரிகைக்காகப் பேட்டி எடுக்கப் போன நான் அன்று பக்கத்தில் இருந்தேன்.

“பின்னாடி உக்காந்தாலும் சார் உங்களைப் பாத்துக்கலாமே, மேடம்.”

“உங்க குழந்தைக்கு அடுத்த வீட்ல உக்காந்துதான் சோறு ஊட்டுவீங்களா, சார்?”

“மேலதிகாரிகிட்ட சொல்றேன்.”

“பிஸ்கட் சாப்பிட்டுட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

நாற்பது நிமிடம் இருந்தார். திரும்பி வந்த மேலாளர், பதினொரு துணையாளர்களுக்கும் பக்கத்திலேயே மடக்கு நாற்காலி போடுவதாகச் சொன்னார்.

அடுத்த ஆட்டத்துக்கு நானும் போனேன். அக்காவின் அணி கோல் போட்டது. தலை கவிழ்ந்தது; கூட்டத்தின் கூச்சல் அடங்குவதற்குள் கணவரின் கை அதை நிமிர்த்திவிட்டது. இரண்டாம் பாதியில் எதிரணி ஒன்று போட்டது. இம்முறை அக்கா கத்தவில்லை. தலையைத் தானாகவே கவிழ்த்துக்கொண்டார். வழக்கம்போல் கணவரின் கை நெற்றிக்கு வந்தது.

“விடுங்க. இது அவங்க போட்டது.”

பெரிய திரையில் அந்தக் கோலை மூன்று முறை காட்டி முடிக்கும்வரை, ஒற்றை விரலால் கணவரின் தொடையைத் தட்டி ‘இன்னும் இல்லை, இன்னும் இல்லை’ என்று தடுத்துக்கொண்டே இருந்தார்.