எடைமேடையில் 1970

நான் பராமரிக்கும் துறைமுக எடைமேடைக் கணினி இன்று காலை 1970 ஜனவரிக்குப் போய்விட்டது. சரிசெய்தாலும் சற்று நேரத்தில் மீண்டும் அதே 1970. அந்தத் தேதியிட்ட சீட்டோடு போன உப்பு லாரியை வாசலில் மறித்துவிட்டார்கள். மாலையில் கப்பல் கிளம்பிவிடும்.

"யக்கா, எழுபதுல எங்கய்யாவுக்கே கல்யாணம் ஆவல. நான் எப்படி லோடு ஏத்தியிருப்பேன்?" என்றார் அந்த லாரியின் டிரைவர் இசக்கி.

தேதியை மாற்றுவது யார்? கணினியின் மையமான கெர்னலின் எல்லா ஃபங்ஷன்களையும் பின்தொடர்ந்தால் கணினி திணறி நின்றுவிடும். பின்னால் லாரி வரிசை. அதனால், நேரத்தை மாற்றும் ஒரே ஒரு ஃபங்ஷனில் மட்டும், ஓட்டத்தை நிறுத்தாமல், காவல் வைத்தேன்: உன்னை அழைப்பது யாரென்று சொல்.

சொல்லிவிட்டது! இதே கணினியில் ஓடும் வாசல் கேமராவின் புரோகிராம். நேரம் சொல்லும் சர்வர் பதில் தராதபோதெல்லாம் பூஜ்யத்தையே நேரமாக அனுப்பியிருக்கிறது. கணினிக்குப் பூஜ்யம் என்றால் 1970-இன் தொடக்கம்.

நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டீர்கள்.

அந்தப் புரோகிராமை நிறுத்தித் தேதியைச் சரிசெய்ததும் இன்றைய தேதியோடு சீட்டு வந்தது, வாசலும் திறந்தது.

"கேமராவா? நான் அப்பமே நெனச்சேன். என்னைய ஒருநா கூட அது நல்லா எடுத்ததில்ல," என்றபடி இசக்கி வண்டியை எடுத்தார்.

அந்தக் கேமராவுக்கு எதிராக இதைவிட வலுவான சாட்சியம் உங்களில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.