சத்தமில்லாமல் இறங்கிய தட்டு

காலையில் பிரஸ்ஸை ஓட விடுவதற்கு முன் கருத்தையா அண்ணன் காற்றுக்குழாய் ஓரமாகக் குனிந்து காதை வைப்பார். பதினோரு வருஷம் பார்த்திருக்கிறேன். எங்கேயாவது காற்று கசிந்தால் அவர் காதுக்குத் தெரிந்துவிடும். பிறகுதான் சோப்பு நுரை தடவி இடத்தைத் தேடுவார்.

ராஜபாளையத்தில் நாங்கள் வேலை பார்ப்பது பேண்டேஜ் துணிக் கம்பெனி. அவர் அங்கே ஃபிட்டராக இருந்தார். பிரஸ்ஸில் நாங்கள் துணிச் சுருள்களை அடுக்க அடுக்க, குறித்த நேரத்துக்கு ஒரு இரும்புத் தட்டு தானாக இறங்கி அழுத்தும். அதைத் தள்ளுவது காற்று சிலிண்டர். இறங்கத் தொடங்கும்போதே 'புஸ்' என்று காற்றை விடும். அந்தச் சத்தத்துக்குக் கையை இழுத்துக்கொள்வோம். கண் சுருளில்தான் இருக்கும்.

போன வருஷம் ஒரு பிரஸ்ஸில் மட்டும் சிலிண்டரைக் கழற்றிவிட்டு எலக்ட்ரிக் ஆக்சுவேட்டர் மாட்டினார்கள். உள்ளே மோட்டார் திருகைச் சுற்றும், தண்டு நீளும். காற்றடிக்கும் கம்ப்ரசர் வேண்டாம், கரண்டு மிச்சம், சொன்ன இடத்தில் அப்படியே நிற்கும். அதன் நல்லதையெல்லாம் எங்களுக்குச் சொன்னதே அண்ணன்தான். ஆனால் சத்தம் இல்லை.

"சார், இறங்குறதுக்கு முன்னால ஒரு மணி அடிக்கிற மாதிரி வைங்க" என்று எஞ்சினியர் ராம்குமாரிடம் கேட்டார்.

"மிஷினுக்கு மணியா? பூசை எத்தனை மணிக்கு அண்ணாச்சி? சுண்டல் உண்டா?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள், அந்தப் பிரஸ்ஸில் சுருள் அடுக்கிய மம்சாபுரத்துச் செல்வலட்சுமி கையை எடுக்குமுன் தட்டு இறங்கிவிட்டது. சிவப்புப் பொத்தானை அமுக்கியதும் மோட்டார் நின்றது. தட்டும் அழுத்திய இடத்திலேயே நின்றது. காற்று என்றால் வால்வைத் திறந்ததும் தளர்ந்திருக்கும். அண்ணன் கைப்பிடி போட்டுச் சுற்றிச் சுற்றித் தட்டை ஏற்றினார். இரண்டு விரல் போனது.

மறுநாள் மேனேஜர் வைகுண்டராஜ், 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிய தாளை அண்ணனிடம் நீட்டினார். மிஷினைப் பார்க்கும் அண்ணன் கையெழுத்து அதில் விழுந்தால் செல்வலட்சுமிக்கு நஷ்டஈடு கேட்க வழியில்லை என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

"போடுங்க கருத்தையா. நாளைக்கும் வேலைக்கு வரணும்ல?"

"அவ கவனமாத்தான் சார் இருந்தா. சத்தம் வரும்னு காத்துக்கிட்டு இருந்தா. அதுதான் வரல."

தாளின் அடியில், 'மணி வைக்கக் கேட்டேன், வைக்கவில்லை' என்று எழுதி, அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டார். கொடுப்பதற்கு முன் அதைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். அந்த மாதக் கடைசியோடு அவரை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டயர் கடையில் கம்ப்ரசர் பார்க்கிறார். செல்வலட்சுமியின் வழக்கு நடக்கிறது. அந்தப் படம் அவள் வக்கீலிடம் இருக்கிறது. எங்கள் ஆறு பிரஸ்ஸும் எலக்ட்ரிக் ஆகிவிட்டன. ஆறிலும் மணி வைத்திருக்கிறார்கள்.