சிசோமோவின் செருப்பு

எனக்குப் பத்து வயதானபோது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எங்கள் குடும்பத்தை மலாவிக்கு அனுப்பினார்கள். அனுப்பியது மிஷன் என்று அம்மா சொன்னார். கர்த்தர் என்று அப்பா சொன்னார். யாராக இருந்தாலும் என்னைக் கேட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி. பெரம்பலூரில் ஐந்தாம் வகுப்புக்கு நான்தான் லீடர். கரும்பலகையில் பேசியவர்கள் பெயரை எழுதும் அதிகாரம் என் கையில் இருந்தது. அதை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவுக்கு யார் போவார்கள்?

அப்பா வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில், அடுத்தவர் சோளக்காட்டில் களை வெட்டிப் பிழைத்த குடும்பத்தில் பிறந்து, படித்துப் போதகரானவர். பெரம்பலூரைச் சுற்றிய சின்னச் சின்ன சபைகளுக்கு ஒரு பழைய பைக்கில் போய்வந்துகொண்டிருந்தவரை வெளிநாட்டு ஊழியத்துக்குத் தேர்ந்தெடுத்தது அந்தச் சபைகளுக்கே பெருமையாக இருந்தது. உலையில் அரிசி போடும்போதெல்லாம் சபைப் பெண்கள் ஒரு பிடியைத் தனிப் பானையில் எடுத்து வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்துக்கு வரும். அந்த அரிசிதான் எங்களை விமானம் ஏற்றியது. வழியனுப்பும் கூட்டத்தில் எல்லாரும் அழுதார்கள். நான் மட்டும் அழவில்லை. எனக்குக் கோபம்தான் இருந்தது.

நாங்கள் மலாவி போய்ச் சேர்ந்தோம். எங்கள் பெட்டிகள் வந்து சேரவில்லை. எந்த விமான நிலையத்தில் தங்கிவிட்டன என்று யாருக்கும் தெரியவில்லை. தகரக் கூரை போட்ட செங்கல் வீடு, இரண்டு கட்டில்கள், ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, வெளியே கொட்டுகிற மழை. தண்ணீர் வேண்டுமென்றால் கைப்பம்புக்கு நடக்க வேண்டும். அந்தப் பம்பைப் பார்த்ததும் என் ஆத்திரம் இன்னும் கூடியது. இதே பம்பு அப்பாவின் ஊரிலும் இருக்கிறது. இதை அடிப்பதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?

இரண்டாம் நாள், பம்புக்குப் போகும் வழியில், சிவப்புச் சேற்றில் என் செருப்பு மாட்டிக்கொண்டது. காலை இழுத்தேன். வார் அறுந்து கையோடு வந்தது. என்னிடம் இருந்தது அந்த ஒரு ஜோடிதான். சேற்றில் ஒற்றைக்காலில் நின்று, தமிழில் எனக்குத் தெரிந்த எல்லாத் திட்டையும் திட்டினேன். அங்கே யாருக்கும் புரியாது என்பது ஒரு வசதி.

பக்கத்து வீட்டுப் பெண் சிசோமோ தலையில் தண்ணீர் வாளியோடு வந்துகொண்டிருந்தாள். என்னைவிட ஒரு வயது பெரியவளாக இருக்கலாம். நின்று பார்த்தாள். வாளியை இறக்கி வைத்தாள். தன் நீல ரப்பர் செருப்பைக் கழற்றி என் காலருகே வைத்து, "தெங்கா" என்றாள். எனக்குத் தேங்காய் என்று கேட்டது. சுற்றுமுற்றும் பார்த்தேன், தேங்காய் எதுவும் இல்லை. அவள் குனிந்து என் காலைப் பிடித்துச் செருப்புக்குள் நுழைத்தாள். அவர்கள் பாஷையில் எடுத்துக்கொள் என்பதற்கு அதுதான் சொல் என்று அப்பா பிறகு சொன்னார்.

அந்தச் செருப்பை ஒரு மாதம் போட்டிருந்தேன். சிசோமோ ஒரு மாதம் வெறுங்காலில் தண்ணீர் சுமந்தாள். ஒருநாள் அவள் குதிகாலில் முள் ஏறியது. அவளே உட்கார்ந்து பிடுங்கி எறிந்துவிட்டு நடந்தாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, செருப்பைப் பிடுங்கி அவர்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினார். சிசோமோவின் அம்மா வாங்க மறுத்து, செருப்போடு ஒரு கிண்ணம் மக்காச்சோள மாவும், நெத்திலி போன்ற சின்னக் கருவாடும் கொடுத்து அனுப்பினார். அந்த மாதம் முழுவதும் எங்களுக்குச் சோறு போட்டது அந்தத் தெருதான். ஊழியம் செய்யப் போனவர்கள் நாங்கள்.

பெட்டிகள் வந்து சேர்ந்த வாரத்தில், இந்தியாவிலிருந்து மிஷன் செயலாளரும் எங்களைப் பார்வையிட வந்தார். கழுத்தில் கேமரா தொங்கும். நான் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய நீலச் செருப்பை எடுத்துப் போய், சிசோமோவின் காலருகே வைத்தேன். அவள் எனக்குச் செய்ததுபோலவே நானும் குனிந்து வைக்க வேண்டும் என்று ஆசை.

"அப்படியே இரு பாப்பா. இன்னும் கொஞ்சம் குனி. அந்தப் பிள்ளைய இந்தப் பக்கம் பாக்கச் சொல்லு," என்றார் செயலாளர். படம் எடுத்தார்.

மூன்று மாதம் கழித்து, மிஷனின் ஜெபக் கடிதம் தபாலில் வந்தது. முதல் பக்கத்திலேயே அந்தப் படம். கீழே, 'வெறுங்காலோடு நடந்த ஆப்பிரிக்கச் சிறுமிக்குத் தன் செருப்பையே கழற்றிக் கொடுத்த நம் மிஷனரியின் மகள்' என்று எழுதியிருந்தது.

"என்னங்க இது, தலகீழா போட்டுருக்காங்க?" என்றார் அம்மா.

"எழுதிச் சொல்றேன்," என்றார் அப்பா.

அவர் எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. சிசோமோவின் வீட்டுச் சன்னல் எங்கள் சன்னலுக்கு எதிரே இருந்தது. அன்று அவளோடு விளையாடப் போக எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் வீட்டுப் பொருளை நான் திருடிவிட்டு, கொடுத்தவள் என்று பெயரும் வாங்கிக்கொண்டதுபோல.

ஒன்றரை வருடம் கழித்து, இரண்டு மாத விடுப்பில் ஊருக்கு வந்தோம். கடும் கோடை. எங்களை அனுப்பிய சபைகளுக்கெல்லாம் செயலாளர் எங்களை அழைத்துப்போனார். ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஏற்பாடு. ஒரு பாட்டு, அப்பா பத்து நிமிடம், பிறகு செயலாளர் என்னை எழுந்து நிற்கச் சொல்வார். செருப்புக் கதை வரும், ஊருக்கு ஊர் வளர்ந்துகொண்டே. பெரம்பலூரில் நான் ஒரு ஜோடியைக் கொடுத்திருந்தேன். வேப்பந்தட்டையில், மழையில், அழுதுகொண்டே கொடுத்தேன். இன்னும் இரண்டு சபை தாண்டியிருந்தால் கால்களையே வெட்டிக் கொடுத்திருப்பேன். பெண்கள் வந்து என் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்தார்கள். நான் அப்பாவைப் பார்ப்பேன். அவர் பைபிளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

செந்துறையில்தான் அது நடந்தது. காணிக்கைப் பை சுற்றி வந்தபோது, இரட்டைச் சடை போட்ட ஒரு பிள்ளை, என் வயதுதான் இருக்கும், எழுந்து முன்னால் வந்தது. தன் செருப்பைக் கழற்றி, பலிபீடத்துக்கு முன்னால் ஜோடியாக வைத்தது. "ஆப்பிரிக்காப் புள்ளைக்கு," என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டது. ஆலயமே அல்லேலூயா என்றது. செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தோம். பகல் பன்னிரண்டு மணி. தார் ரோடு இளகிக் கிடந்தது. அந்தப் பிள்ளை தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ரோட்டோரத்து நிழலுக்கு நிழல் தாவித் தாவிப் போய்க்கொண்டிருந்தது. நிழல் இல்லாத இடத்தில் கால் விரல்களை மடக்கிக்கொண்டு குதிகாலில் ஓடியது.

அரியலூர் பஸ்ஸில் ஏறியதும் அப்பாவிடம் கேட்டேன்.

"அந்தச் செருப்பு யாருக்குப்பா போவும்?"

"தெரியல பாப்பா."

"சிசோமோக்குத்தான் செருப்பு இருக்கே. அப்புறம் ஏன் வாங்குனீங்க?"

"சாயங்காலம் அரியலூர்ல கூட்டம் முடியட்டும். பொறவு பேசிக்கலாம்."

"நீங்க பொய் சொல்றீங்க," என்றேன். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்பா டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கூட்டங்களில் அவர் சும்மா இருந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. செயலாளர் யாரோ ஒரு ஆள். அப்பா என் அப்பா.

அரியலூரில் பெரிய பந்தல். பல ஊர்ச் சபைகளும் வந்திருந்தன. மேடைக்குப் பின்னால் வெள்ளைத் துணி கட்டி, அந்தப் படத்தை ஆள் உயரத்துக்குக் காட்டினார்கள். சிசோமோ கூச்சத்தோடு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். செயலாளர் கதையை முடித்துவிட்டு, செந்துறைச் செருப்பையும் ஒரு பையிலிருந்து எடுத்து உயர்த்திக் காட்டினார். "ஒரு பிள்ளையோட தியாகம் எத்தன தியாகத்தப் பொறப்பிக்குது பாருங்க," என்றவர், என்னிடம் மைக்கைக் கொடுத்து, "நீயே ரெண்டு வார்த்த சொல்லும்மா," என்றார்.

இதற்குத்தான் காத்திருந்தேன்.

"அது என் செருப்பு இல்ல," என்றேன். "சிசோமோ செருப்பு. என் செருப்பு அறுந்துபோச்சு, அவதான் கழட்டிக் குடுத்தா. ஒரு மாசம் அவ வெறுங்கால்ல நடந்தா. நான் திருப்பிக் குடுக்கறப்ப எடுத்த படம் இது."

செயலாளர் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கிக்கொண்டார். "பாத்தீங்களா, இந்தப் பிள்ளையோட தாழ்மைய. தான் குடுத்தத வெளிய சொல்லக்கூடாதுன்னு எப்படி மறைக்குது பாருங்க."

பந்தல் முழுக்கக் கைதட்டல். எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்து முன்வரிசைப் பெண்களும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால் நம்புவார்கள், பொய்யைச் சொன்னால் திட்டுவார்கள் என்று எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால் கைதட்டி அதைப் பொய்யாக்கிவிடுவார்கள் என்று யாரும் சொல்லித்தரவில்லை. இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும் என் காது சூடாகிறது.

மேடையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்பா எழுந்து வந்து, செயலாளர் முன்னால் கையை நீட்டி நின்றார். மைக் அவர் கைக்கு வரக் கொஞ்ச நேரம் ஆனது.

"எம்பொண்ணுக்குத் தாழ்மையெல்லாம் கெடயாதுங்க," என்றார். யாரோ சிரித்தார்கள். "அவ சொன்னது நெசம். நாங்க போயி எறங்குனப்ப எங்ககிட்ட ஒண்ணுமில்ல. அந்தச் சனங்கதான் சோறு போட்டாங்க. எம்பொண்ணுக்குச் செருப்பும் அவங்கதான் குடுத்தாங்க. நீங்க குடுத்த அரிசிக்கு நான் நெசத்தச் சொல்லியிருக்கணும். சொல்லல. அது என் தப்பு."

அவ்வளவுதான். போய் உட்கார்ந்துவிட்டார். யாரும் கைதட்டவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒருவர், "அப்ப அந்தப் புள்ளைக்கு இப்ப செருப்பு இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. அவளோடதேதான்," என்றேன். அப்போதுதான் கூட்டம் கொஞ்சம் மூச்சுவிட்டது.

மறுநாள் அப்பாவும் நானும் அந்தப் பையோடு மறுபடி செந்துறைக்குப் பஸ் ஏறினோம். அந்தப் பிள்ளையின் அம்மா வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். கொட்டை எண்ணெய் பட்டு விரல்களெல்லாம் கறுத்திருந்தன. அப்பா பையை நீட்டியதும் எழுந்து நின்றுவிட்டார்.

"சாமிக்குக் குடுத்தத எப்படிங்க திருப்பி வாங்குறது?"

"சாமி வாங்கலம்மா. நாங்கதான் வாங்குனோம்," என்றார் அப்பா.

அந்த அம்மாவுக்கு மனம் வரவில்லை. பிள்ளைதான் பையைப் பிடுங்கி, செருப்பை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டு, தெருக்கோடி வரை ஓடித் திரும்பி வந்தது. எங்களுக்கு மோர் கிடைத்தது. நான் ஜெயித்துவிட்ட தெம்போடு இரண்டு டம்ளர் குடித்தேன். ஆனாலும் அப்பாவிடம் சரியாகப் பேச இன்னும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். முதல் கூட்டத்திலேயே சொல்லாமல் அரியலூர் வரை இழுத்ததற்குத் தண்டனை.

விடுப்பு முடிந்தது. நாங்கள் கிளம்பவில்லை. அம்மாவின் உடம்புக்கு அந்த ஊர் ஆகாது என்று எனக்குச் சொன்னார்கள். அம்மா திடமாகத்தான் இருந்தார். அப்பா மறுபடி பெரம்பலூர்ப் பக்கத்துச் சபைகளுக்குப் போகத் தொடங்கினார். பைக்கை விற்றுவிட்டதால் டவுன் பஸ்ஸில் போனார். மலாவி வேலையை இன்னும் ஐந்து வருடத்துக்கு நீட்டிக்கும் தாளில் அரியலூர்ப் பந்தலில், அன்றைய கூட்டத்தின் முடிவில்தான் கையெழுத்தாவதாக இருந்தது என்று நான் கல்லூரி முடித்த பிறகுதான் அம்மா சொன்னார். மேடையில் செயலாளரின் ஃபைலுக்குள் அது இருந்ததாம். நாற்காலியை விட்டு எழுந்தபோது அப்பாவுக்கு அது தெரியும்.

அந்த வருடம் ஆறாம் வகுப்பில் சேர்ந்த எனக்கு இதெல்லாம் தெரியாது. விடிகாலையில் அப்பா ஒரு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, மலாவியில் எழுதி வைத்த சொற்களை வாய்விட்டுப் படிப்பார். வா, போ, உட்கார், சாப்பிட்டாயா, நன்றாக இருக்கிறாயா. அம்மாவுக்குச் சரியானதும் நாங்கள் திரும்பிப் போகத்தான் தயார் செய்கிறார் என்று நினைத்து, நானும் பல் துலக்கிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னேன். உச்சரிப்பில் அவர் செய்த தப்புகளையும் கண்டிப்போடு திருத்தினேன். அவர் மறுபேச்சு இல்லாமல் திருத்திக்கொண்டார்.