லார்வா என்ற சொல்லும் மரகதத்தின் முகமும்

செவிலிமேட்டில் பேருந்துக்காக நின்றிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் கல்லூரியின் விலங்கியல் ஆசிரியை மரகதம் காலையில் இறந்துவிட்டார். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. கூடவே அவருடைய புகைப்படம். தாடையில் புற்றுநோய் வருவதற்கு முன்பு எடுத்தது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் முகக்கவசம் இல்லாமல் வெளியே வந்ததில்லை. ஒரே ஒரு நாள் தவிர. அதைப் புரிந்துகொள்ள ஒரு சொல்லைப் பற்றித் தெரிய வேண்டும்.

மரகதம் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரி ஆய்வகத்தில் தட்டுகளில் பட்டுப்புழு வளர்த்தார். "நமக்கு நூல் போதும்மா, புழுவ இன்னாத்துக்குப் பாத்துக்கினு இருக்குற?" என்று அவருடைய அப்பா கேட்பாராம். அதை எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

நான் ஆங்கிலத் துறை. பூச்சியின் புழுப்பருவத்தை லார்வா என்கிறோமே, அந்தச் சொல் பேயிலிருந்து வந்ததாக எங்கோ படித்தாராம்; உண்மையா என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். சொற்களைப் பற்றி உலவும் கதைகளில் பாதி கட்டுக்கதை, நான் நம்பவில்லை. அகராதிகளைப் புரட்டினேன். உண்மைதான். ரோமானியப் புராணத்தில் லார்வா என்றால் அமைதியின்றி அலையும் ஆவி. அச்சமூட்டும் முகமூடிக்கும் அதே பெயர். வெகுகாலம் கழித்து ஐரோப்பிய இயற்கை ஆய்வாளர்கள் அதைப் புழுவுக்கு வைத்தார்கள். பூச்சியின் உண்மை உருவத்தைப் புழு முகமூடிபோல் மறைக்கிறது என்பது அவர்கள் எண்ணம்.

மரகதம் ஒப்புக்கொள்ளவில்லை. "அதென்னப்பா உண்மை உருவம்? வெளிய வந்த பட்டுப்பூச்சி சாப்பிடவே சாப்பிடாது. சில நாள்ல செத்துடும். தின்னு வளர்றது புழுதான். அதப் போய் முகமூடின்றாங்க."

சிகிச்சை முடிந்து திரும்பியவர் ஒருநாள் வகுப்பில் லார்வா பற்றிய பாடத்தை எடுத்தார். சொல்லின் பொருளைச் சொல்லிவிட்டு முகக்கவசத்தைக் கழற்றினார். தாடையின் ஒரு பக்கம் இல்லை. முன்வரிசைப் பெண் அழுதுவிட்டாள். "பேய் இல்லம்மா, நான்தான். எழுதிக்கோ" என்றாராம். மறுநாள், பிள்ளைகள் பயப்படுவதாகக் கல்லூரி நிர்வாகத்தினர் அவரிடம் மரியாதையாகவே சொன்னார்கள். அவர் மீண்டும் போட்டுக்கொண்டார்.

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது அவருக்குப் பேச்சு தெளிவாக வரவில்லை. குனிந்து கேட்டேன். முகக்கவசத்தைத் தொட்டுக் காட்டினார். "செத்தப்புறமாவது இத எடுத்துடச் சொல்லுப்பா. மூடிக்கினு போவ மாட்டேன்."

அவர் வீட்டுத் தெருமுனையில் அந்தப் பழைய முகத்தோடு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். உள்ளே, கண்ணாடிப் பெட்டியில் பட்டுப் புடவை போர்த்திய உடல். முகத்தில் புதிய கவசம். அவருடைய தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஊரே வருது மேடம். அசிங்கமா எதுனா பேசுவாங்க. இப்படியே போவட்டுமே."

"அவங்க கேட்டதுப்பா."

தம்பி வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து அவரே நாடாவைக் காதிலிருந்து விடுவித்தார். அக்காவின் முகத்தையே பார்த்தார். "சாப்பிடறப்பகூட ரூம சாத்திக்கும். எங்கிட்ட காட்டவே இல்ல மேடம்" என்றார்.

வந்தவர்களில் சிலர் வாசலோடு திரும்பிப் போனார்கள். தம்பி பெட்டியருகிலிருந்து நகரவில்லை.

ஆவிகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஃபிளெக்ஸில் இருந்த முகத்தை நான் ஏற்கெனவே மறந்துகொண்டிருக்கிறேன். அன்று பெட்டியில் பார்த்த முகத்தைத்தான் மரகதம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.