அன்பரசி கூடத்தைத் தாண்டவில்லை

மலேசியாவில், பத்தாங் காலி ஊரின் கையுறைத் தொழிற்சாலையில் கால் வீங்க நின்று உழைத்த காசில், அன்பரசி புக்கிட் செந்தோசாவில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டாள். குடிவந்த திவாகரன் பவ்யமானவன். எப்போது அவள் எட்டிப் பார்த்தாலும் கூடத்துச் சாமி மேடை பளபளவென்று இருக்கும், ஊதுபத்தி மணக்கும். "உட்காருங்கக்கா" என்று திருநீற்றை நீட்டுவான். சாமியை இப்படி வைத்திருப்பவன் வீட்டையும் இப்படித்தான் வைத்திருப்பான் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டு, கூடத்தைத் தாண்டாமலே திரும்பிவிடுவாள்.

போன மாதம் அவன் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டான். கதவைத் திறந்தவள் முதல் முறையாகக் கூடத்தைத் தாண்டினாள். சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியில் புழு நெளிந்தது. கக்கூஸைப் பார்த்தவள் வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். ஊதுபத்தி எதற்கு மணந்தது என்று அப்போதுதான் உறைத்தது. மேடையில் அவன் விட்டுப்போன முருகர் படம் மட்டும் தூசி துரும்பில்லாமல் இருந்தது. காறித் துப்பப் போனவள், படத்தைப் பார்த்ததும் எச்சிலை விழுங்கிக்கொண்டாள். விழுங்கியது இன்னும் அருவருப்பாக இருந்தது.

கழுவி முடித்த வீட்டை வாடகைக்குப் பார்க்க வேறொரு குடும்பம் வந்தது. குடும்பத் தலைவன் கூடத்தில் நின்று பயபக்தியோடு கேட்டான்: "சாமி மேடைய எங்கக்கா வைக்கலாம்?"

"எங்க வேணும்னாலும் வைங்க லா," என்றாள் அன்பரசி. "மொதல்ல நீங்க இப்ப இருக்கிற வீட்டுக்கு வண்டிய எடுங்க. உங்க கக்கூஸப் பாத்துட்டுத்தான் சாவி."